டாக்பெரியை வெறும் கோமாளியாக்கிவிடாதீர்கள்

ஷேக்ஸ்பியரின் ‘மச் அடோ அபௌட் நத்திங்’ நாடகத்தில் கான்ஸ்டபிள் டாக்பெரி வந்ததும் பலர் மூளைக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். வாசிப்பவர்களும் சரி, மேடையேற்றுபவர்களும் சரி, தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கான்ஸ்டபிள் என்றதும் சீருடை அணிந்த போலீஸ்காரரை நினைக்காதீர்கள். லண்டனில் பெருநகரப் போலீஸ் படை அமைந்ததே 1829இல்தான். எலிசபெத் காலத்தில் இது ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஓராண்டு சுமந்த, பெரும்பாலும் சம்பளமில்லாத பொறுப்பு. பிழைப்பை விட்டுவிட்டு வர மனமில்லாதவர்கள் காசு கொடுத்து வேறு ஆளை அனுப்பினார்கள். கதை இத்தாலியின் மெசினா நகரில் நடந்தாலும், இரவுக் காவலுக்கு நிற்பவர்கள் அசல் ஆங்கிலேயர்கள்.

திருடனைப் பிடித்தால் அவன் பாட்டுக்கு நழுவிப்போக விட்டுவிடுங்கள் என்று காவலர்களுக்கு டாக்பெரி அறிவுரை சொல்வதை, மிகைப்படுத்தல் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். 1586இல் ராணியைக் கொல்லச் சதி செய்த பாபிங்டன் கூட்டத்தைத் தேடி ஊரெங்கும் காவல் போட்டிருந்தார்கள். வழியில் என்ஃபீல்டில் கும்பலாக நின்ற காவலர்களை அமைச்சர் பர்லி விசாரித்தார். மூன்று இளைஞர்களைப் பிடிக்க நிற்கிறோம் என்றார்கள். அடையாளம்? ஒருவனுக்கு வளைந்த மூக்கு. அவ்வளவுதான். பர்லி நொந்துபோய், ராணியின் செயலரும் ஒற்றர் தலைவருமான வால்சிங்காமுக்குக் கடிதம் எழுதினார். நாடகம் வந்தது ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து.

நடிகர்கள் செய்யும் தவறு வேறு. டாக்பெரி பெரிய சொற்களைத் தப்பும் தவறுமாக மாற்றிச் சொல்பவர். அப்படிச் சொல்லிவிட்டு நடிகர் பார்வையாளர்களைப் பார்த்து இளிப்பதுதான் அந்தத் தவறு. டாக்பெரிக்குத் தான் உளறுவது தெரியாது. தன்னைவிடப் படித்தவன் அந்த ஊரில் இல்லை என்ற நினைப்பு அவருக்கு. “சலிப்பூட்டுகிறீர்கள்” என்று ஆளுநர் லியோனாட்டோ கடிந்துகொண்டால், அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு, ஓர் அரசனுக்குரிய அளவு சலிப்பு தன்னிடம் இருந்தாலும் அத்தனையையும் ஐயாவுக்கே தந்துவிடுவேன் என்று உருகுகிறார். இதைக் கண்ணியமாகச் சொன்னால்தான் சிரிப்பு வரும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நாடகத்தின் ஒரே முட்டாள் டாக்பெரிதான் என்று முடிவு கட்டுவது. மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியை நிதானமாகப் படியுங்கள். அன்று லியோனாட்டோவின் மகளுக்கு (அவள் பெயர்தான் ஹீரோ) கல்யாணம். அவள் நடத்தை மீது பழி சுமத்தச் செய்த சூழ்ச்சியை, அதில் கைக்கூலியாக இருந்த போராச்சியோ முந்தின இரவே தன் வாயால் உளறி, காவலர்களிடம் மாட்டிக்கொண்டுவிட்டான். அதைச் சொல்லத்தான் டாக்பெரி வந்திருக்கிறார். சுற்றி வளைத்து, கூட்டாளி வெர்ஜஸின் வயதைப் பற்றியெல்லாம் பேசி, கடைசியில் இருவரைப் பிடித்திருக்கிறோம், இன்று காலையே நீங்கள் விசாரிக்க வேண்டும் என்கிறார். லியோனாட்டோவுக்கு நேரமில்லை. நீயே விசாரித்து எழுதிக்கொண்டு வா, போகும்முன் மது அருந்திவிட்டுப் போ என்று அனுப்பிவிடுகிறார். ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தேவாலயத்தில் அந்தப் பெண்ணுக்கு அவமானம் நேர்ந்திருக்காது. அங்கே மகள் செத்தால் போதும் என்று கத்துபவரும் இதே தந்தைதான். உங்கள் அறிவுக்கு எட்டாததை இந்த மூடர்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று பிற்பாடு அந்தப் பழியை நம்பிய இளவரசர் டான் பெட்ரோவிடம் போராச்சியோவே சொல்கிறான். இந்த வரியை வெட்டிவிட்டு நாடகம் போடுபவர்களை மன்னிக்க முடியாது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். ‘மெஷர் ஃபார் மெஷர்’ நாடகத்தின் கான்ஸ்டபிள் எல்போவையும் எலிசபெத் காலக் கணக்கில் சேர்க்கிறார்கள். ராணி இறந்தது 1603இல். அந்த நாடகம் அரசவையில் நடிக்கப்பட்டது 1604 டிசம்பரில். எல்போ டாக்பெரியின் தம்பி மாதிரிதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே விசாரிப்பவர் எஸ்கலஸ் என்ற பொறுமைசாலி. எத்தனை காலமாக இந்த வேலை என்று கேட்கிறார். ஏழரை ஆண்டு என்கிறார் எல்போ. (நமக்கு அந்தக் கணக்கு வேறு அர்த்தத்தில் பழக்கம்!) உங்கள் பகுதியில் இதற்குத் தகுதியானவர்களே இல்லையா? விவரமானவர்கள் குறைவு ஐயா, தேர்வானவர்களும் தங்களுக்குப் பதிலாக என்னைத் தேர்ந்தெடுத்துக் காசு கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் பகுதியில் மிகத் தகுதியான ஆறேழு பேரின் பெயர்களை எழுதிக்கொண்டு என் வீட்டுக்கு வா என்கிறார் எஸ்கலஸ்.