தகவல் எங்கே நிற்கிறது? புறக்கோட்டை மொத்தக் கடை ஒன்றை வரிப்படமாக்கும் செய்முறை

ஒரு நிறுவனத்தில் தகவல் எப்படிப் போய்வருகிறது என்று கேட்டால், அநேகமானோர் சுவரில் தொங்கும் நிறுவனக் கட்டமைப்புப் படத்தைத்தான் காட்டுவார்கள். யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கும். ஹட்டனிலிருந்து ஓடர் ஒன்று வந்ததும் அது யாருடைய கொப்பியில் ஏறுகிறது, அங்கிருந்து யாருக்குப் போகிறது, எந்த மேசையில் நின்றுவிடுகிறது என்பது அதில் இருக்காது. அதைக் காட்டுவதற்குத்தான் தரவுப் பாய்ச்சல் வரிப்படம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படித்தவர்களுக்குப் பெயர் பழக்கமாக இருக்கும். உண்மையான கடை ஒன்றை எடுத்து அதை வரையும்போதுதான் சிக்கல்கள் தெரியும். இந்தப் பதிவு அந்தச் சிக்கல்களைப் பற்றியது.

உதாரணத்துக்கு, கொழும்பு புறக்கோட்டையில் எழுதுபொருள் மொத்த விற்பனைக் கடை ஒன்றை வைத்துக்கொள்வோம். கற்பனைக் கடைதான், ஆனால் ஓட்டம் வழக்கமானது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் பக்கச் சில்லறைக் கடைக்காரர்கள் வட்ஸ்அப்பிலும் போனிலும் ஓடர் தருகிறார்கள். பொருள் இருக்கும் ஸ்டோர்ஸ் கிராண்ட்பாஸில். பில் போடுவது கடையில். சரக்கை நாட்டாமிமார் (சுமை தூக்குபவர்கள்) ஏற்றிவிட, லொறிச் சேவை கொண்டுபோகிறது. பணம் பின்திகதிக் காசோலையாக வருகிறது.

உருக்கள் நான்கே நான்கு. நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர், வேலை, தகவல் தங்கும் இடம், அம்பு. பாடசாலையில் கற்பிக்கும் எஸ்எஸ்ஏடிஎம் (SSADM) என்ற முறைமைப் பகுப்பாய்வு முறையில் வெளியாளுக்கு நீள்வட்டம், வேலைக்குப் பெட்டி, தகவல் தங்கும் இடத்துக்கு ஒரு பக்கம் திறந்த நீள்சதுரம். யுவர்டன்-டிமார்கோ முறையில் வேலை வட்டமாகும், கேன்-சார்சன் முறையில் மூலை வளைந்த பெட்டியாகும். எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஒரே படத்தில் கலக்காதீர்கள். என் தெரிவு எஸ்எஸ்ஏடிஎம். காரணம், அதில் பெட்டியின் மேல் இடது மூலையில் வேலையின் இலக்கமும், மேல் வலது மூலையில் அதை யார் அல்லது எந்த இடத்தில் செய்கிறார்கள் என்பதும் வரும். கடைக்காரர்களுக்குப் படத்தை விளக்கும்போது அந்த வலது மூலைதான் கைகொடுக்கும்.

படி 1: கடதாசிகளைச் சேர்த்தல்

படம் வரையத் தொடங்க வேண்டாம். முதலில் கடையில் புழங்கும் ஒவ்வொரு தாளிலும் ஒரு பிரதி எடுங்கள். வெற்றுப் படிவம் உதவாது, எழுதி நிரப்பியது வேண்டும். கீறி மாற்றிய விலை, ஓரத்தில் எழுதிய போன் இலக்கம், மூலையில் போட்ட சிறு கையெழுத்து, இவையெல்லாம் பாய்ச்சல்கள். பில் மூன்று பிரதியாகக் கிழிக்கப்படுகிறது என்றால் மூன்றும் எங்கே போகின்றன என்று தனித்தனியே கேளுங்கள். மூன்றாவது பிரதி எவரும் பார்க்காமல் கட்டிவைக்கப்படுவது மிகச் சாதாரணம்.

தாளில்லாத தகவலையும் விடக்கூடாது. வட்ஸ்அப் குரல்பதிவு, ஸ்டோர்ஸுக்குப் போனில் சொல்வது, முதலாளியின் சட்டைப்பையிலுள்ள குட்டிக் கொப்பி எல்லாமே கணக்கு. முகாமையாளரிடம் மட்டும் கேட்டால் இவை வராது. அவர் எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சொல்வார். பில் போடுபவரின் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்தால் எப்படி நடக்கிறது என்பது தெரியும். மாத முடிவில் காசோலை வைப்பிடும் வேலை கூடும், ஆகவே அந்த நாட்களில் ஒன்றையும் பார்ப்பது நல்லது.

கொழும்பில் இன்னொரு விடயம். ஒரே தாளை கணக்குப் பகுதியில் தமிழிலும், ஸ்டோர்ஸில் சிங்களத்திலும், அச்சில் ஆங்கிலத்திலும் மூன்று பெயரால் சொல்வார்கள். நீங்கள் மூன்று தாள்கள் என்று எண்ணிவிடுவீர்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் ஒரு இலக்கம் போட்டு, அந்த இலக்கத்துக்கு எதிரே மூன்று மொழிப் பெயரையும் ஒரு தனித்தாளில் எழுதிவையுங்கள். பிறகு படத்தைச் சரிபார்க்க எவரிடம் காட்டினாலும் இதுதான் பொது அகராதி.

படி 2: நான்கு நிரல் அட்டவணை

தாள், அனுப்புபவர், பெறுபவர், பெற்றவர் அதை வைத்து என்ன செய்கிறார். அவ்வளவுதான். நான்காவது நிரலில் ‘கோப்பில் வைக்கிறார்’ என்று மட்டும் வந்தால் அடிக்கோடிடுங்கள். அந்தக் கோப்பைப் பிறகு எவர் எடுத்துப் பார்க்கிறார் என்று கேட்டே ஆக வேண்டும்.

படி 3: முழுக் கடையும் ஒரே பெட்டி

தாளின் நடுவில் ஒரு பெட்டி. சுற்றிவர வெளியாட்கள்: சில்லறைக் கடை, விநியோகஸ்தர், லொறிச் சேவை, வங்கி, வெளிக் கணக்காளர். உள்ளே போகும், வெளியே வரும் பாய்ச்சல்களை மட்டும் வரையுங்கள். இந்தப் படத்தில் தகவல் தங்கும் இடம் எதுவும் வராது. கொப்பிகளும் கோப்புகளும் பெட்டிக்குள்ளே இருப்பவை.

எல்லைக்கோடு எங்கே என்பதை இங்கேயே முடிவு செய்யுங்கள். கிராண்ட்பாஸ் ஸ்டோர்ஸ் வேறு இடத்தில் இருக்கிறது என்பதற்காக அது வெளியாள் ஆகாது. அதன் வேலையை நம்மால் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியும், ஆகவே உள்ளே. லொறிச் சேவையின் சிட்டையை நம்மால் மாற்ற முடியாது, ஆகவே வெளியே.

படி 4: பெட்டியைத் திறத்தல், அம்புகளுக்குப் பெயர் வைத்தல்

பெரும்பாலான படங்கள் கெடுவது இந்தப் படியில்தான். நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

ஏ3 தாள் ஒன்றும் மூன்றங்குல ஒட்டுத்தாள்களும் போதும். நம் கடைக்கு ஐந்து வேலைகள் வரும்: 1 ஓடர் பதிதல், 2 இருப்பு ஒதுக்கல், 3 பில் போடல், 4 அனுப்பியதை உறுதிசெய்தல், 5 வரவு வைத்தல். ஏழுக்கு மேல் போனால் இரண்டைச் சேர்த்து அடுத்த மட்டத்தில் பிரியுங்கள். வேலைக்கு வினைப்பெயர் வைக்க வேண்டும். ‘கணக்குப் பகுதி’ என்று பெட்டிக்குள் எழுதினால் அது மீண்டும் நிறுவனக் கட்டமைப்புப் படம் ஆகிவிடும். பகுதியின் பெயருக்கு இடம் வலது மூலை.

தகவல் தங்கும் இடங்களுக்கு எஸ்எஸ்ஏடிஎம் முறையில் ஒரு வசதி உண்டு. கணினியில் இருந்தால் டி (D), கையால் எழுதுவது என்றால் எம் (M), வேலை முடியும்வரை மட்டும் தங்குவது என்றால் டீ (T) என்ற எழுத்து. ஓடர் கொப்பி எம்1, எக்செல் இருப்புக் கோப்பு டி1, வாடிக்கையாளர் கணக்கு டி2, காசோலைப் பதிவேடு எம்2. படத்தில் எம் எத்தனை, டி எத்தனை என்று பார்த்தாலே கடையில் எத்தனை இடத்தில் கையால் திரும்ப எழுதுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

இனி அம்பு. அம்பின் மேல் இருக்க வேண்டியது அதில் போகும் தகவலின் பெயர். ‘அனுப்புகிறார்’, ‘சரிபார்க்கிறார்’, ‘தகவல்’, ‘விவரம்’ எதுவும் ஆகாது. ‘ஓடர்’ என்பதுகூடப் போதாது. சில்லறைக் கடை அனுப்புவது ‘ஓடர் செய்தி’. அதைப் பதிந்தபின் ஸ்டோர்ஸுக்குப் போவது ‘ஓடர் சிட்டை’. செய்தியில் ‘வழக்கமாக எடுக்கிற கொப்பி பத்துக் கட்டு’ என்று இருக்கும். சிட்டையில் பக்க எண்ணிக்கை, கோடிட்டதா சதுரக் கோடா, கட்டுக்கு எத்தனை என்பதெல்லாம் இருக்கும். நடுவில் எவரோ அந்த ‘வழக்கமாக’ என்பதை உருப்படியாக மாற்றியிருக்கிறார். அதற்கு அவர் பழைய பில்லைப் பார்த்தாரா, நினைவிலிருந்து எழுதினாரா? இரண்டு அம்புக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. ஒரு வேலைக்குள் போகும் பெயரும் வெளியே வரும் பெயரும் ஒன்றாகவே இருந்தால், அங்கே ஒன்றும் நடக்கவில்லை அல்லது நடப்பதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

பெயர் வைக்க முடியாத அம்பை அழித்துவிடாதீர்கள். கேள்விக்குறி போட்டு விடுங்கள். மறுநாள் கடைக்குப் போய்க் கேட்க வேண்டியவற்றின் பட்டியல் அதுவே.

சரக்கையும் வரையாதீர்கள். நாட்டாமி தூக்கிப்போகும் பெட்டி தகவல் அல்ல. அதன்மேல் ஒட்டிய விலாசத் துண்டும், லொறிக்காரர் கையெழுத்திட்ட விநியோகச் சிட்டையும்தான் தகவல். காசோலை சற்றுக் குழப்பும். வங்கிக்குப் போவது பணமாக இருக்கலாம், ஆனால் திகதி, தொகை, இலக்கம் ஆகியவை பதிவேட்டில் ஏறுவதால் அதை ‘காசோலை விவரம்’ என்று வரைவது சரி.

படி 5: ஓட்டைகளைத் தேடுதல்

தடைசெய்யப்பட்ட இணைப்புகள் மூன்று. வெளியாளிலிருந்து வெளியாளுக்கு, தகவல் தங்கும் இடத்திலிருந்து இன்னொன்றுக்கு, வெளியாளிலிருந்து நேராகத் தங்கும் இடத்துக்கு. இடையில் ஒரு வேலை இருந்தே ஆக வேண்டும். கொப்பி தானாக எக்செல்லுக்குள் ஏறாது.

அடுத்து ஒவ்வொரு பெட்டியாகப் பாருங்கள். உள்ளே போய் வெளியே ஒன்றும் வராவிட்டால் கருந்துளை. உள்ளே ஒன்றும் போகாமல் வெளியே வந்தால் அற்புதம். இவை இரண்டும் கண்ணில் படும். படாதது மூன்றாவது வகை: வருவது இருக்கிறது, ஆனால் வெளியே போவதை உண்டாக்க அது போதாது. நம் கடையில் வேலை 2-ஐப் பாருங்கள். உள்ளே ஓடர் சிட்டை, வெளியே ஒதுக்கிய பொருட் பட்டியல். இருப்பு எவ்வளவு என்று அதற்கு எப்படித் தெரியும்? டி1-இலிருந்து அம்பு வர வேண்டும். ஸ்டோர்ஸில் கணினி இல்லை என்றால் அந்த அம்பு பொய். உண்மையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரின் நினைவுதான் அங்கே பதிவேடு. அதையும் எம்3 என்று வரையுங்கள். அவர் லீவு போடும் நாளில் பில் ஏன் தாமதிக்கிறது என்பதற்கு விடை அதில் இருக்கும்.

இதைவிட முக்கியமானது திரும்பிய காசோலை. வங்கியிலிருந்து அறிவித்தல் வேலை 5-க்கு வருகிறது, எம்2-இல் சிவப்பு மையால் குறிக்கப்படுகிறது. அங்கிருந்து வேலை 1-க்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று விரலால் தேடுங்கள். பல கடைகளில் இருக்காது. கணக்குப் பகுதி காசோலை திரும்பியதை அறியும், ஓடர் எடுப்பவர் அறியமாட்டார், அதே சில்லறைக் கடைக்கு அன்றைக்கே மறுபடியும் கடனுக்குச் சரக்கு ஏறும். தீர்வு ஒரே ஒரு அம்பு. திரும்பிய காசோலையை டி2-இலும் பதிந்து, டி2-இலிருந்து வேலை 1-க்கு ‘நிலுவையும் திரும்பிய காசோலை விவரமும்’ போக வேண்டும். நடப்பிலுள்ளதைக் கறுப்பிலும் இருக்க வேண்டியதைச் சிவப்பிலும் வரைந்து முதலாளிக்குக் காட்டினால் அதிக விளக்கம் தேவைப்படாது.

படி 6: மட்டங்கள் ஒத்துப்போகின்றனவா

வேலை 5-ஐ மட்டும் திறந்து 5.1, 5.2, 5.3 என்று வரைகிறீர்கள் என்றால், மேல் மட்டத்தில் 5-க்குள் போன ஒவ்வொரு அம்பும் கீழ் மட்டத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வர வேண்டும், வெளியே போனவையும் அப்படியே. கீழே புதிதாக ஒன்று முளைத்தால் மேலேயும் போய்ச் சேருங்கள். ஒற்றைப் பெட்டிப் படம்வரை மேலே போக வேண்டும். இனிப் பிரிக்கத் தேவையில்லாத பெட்டியின் கீழ் வலது மூலையில் சாய்கோடு போட்டு நட்சத்திரக் குறி இடுவது எஸ்எஸ்ஏடிஎம் வழக்கம்.

படி 7: கணினியில் ஏற்றுதல்

பென்சில் படம் முடியும்வரை கணினியைத் தொடாதீர்கள். அழகாக அடுக்கிய பெட்டியை அழிக்க மனம் வராது, பிழை அப்படியே நின்றுவிடும்.

என் சிபாரிசு டிரா.ஐஓ (draw.io) என்ற வரிப்பட மென்பொருள். இலவசம், உலாவியிலேயே ஓடும், கோப்பை உங்கள் கணினியிலேயே வைக்கலாம். அம்பு போட்டபின் பெட்டியை இழுத்துப் பாருங்கள். கூடவே வராவிட்டால் அது ஒட்டவில்லை. பவர்பொயின்டும் பரவாயில்லை. வேர்ட் வேண்டாம். டிரோயிங் கன்வஸ் (படம் வரைவதற்கான சட்டம்) போடாமல் வரைந்தால் அம்புகள் பெட்டியோடு ஒட்டா, ஒரு வரி சேர்த்ததும் படம் சிதறும்.

எழுத்துருவில் நம்மவர்கள் வழுக்குவது பாமினியில். அலுவலகத்தில் பழைய ஆவணங்கள் பாமினியில் இருக்கும். அதிலிருந்து வெட்டி ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். காரணம், பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உருவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. யுனிகோடுக்கு மாற்றியபின் ஒட்டுங்கள், அல்லது நேரடியாக யுனிகோடில் தட்டச்சிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற யுனிகோட் எழுத்துரு சிறிய அளவிலும் தெளிவாக இருக்கும்.

பின்சேர்க்கை: படத்தை டிரா.ஐஓவில் எஸ்விஜி (SVG) என்ற வகைப் படக் கோப்பாகச் சேமித்து வேர்டில் வைத்ததும் எழுத்துகள் மறைந்து ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வரி மட்டும் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். டிரா.ஐஓ எழுத்துகளை இணையப் பக்க மொழியான எச்டிஎம்எல் ஆக உள்ளே வைப்பதால், சில மென்பொருள்களுக்கு அதைக் காட்டத் தெரியாது. சாதாரணப் படக் கோப்பான பிஎன்ஜி (PNG) ஆக, 200 அல்லது 300 சதவீதப் பெரிதாக்கலில் ஏற்றுமதி செய்யுங்கள். படத்தின் பிரதியையும் சேர் என்ற தெரிவை இட்டால் அதே பிஎன்ஜியை மறுபடி டிரா.ஐஓவில் திறந்து திருத்தலாம்.

இன்னொரு கேள்வி: ‘காசோலை திரும்பினால்’ என்ற நிபந்தனையை எங்கே போடுவது? இந்தப் படத்தில் போட முடியாது. நிபந்தனை, வரிசை, எத்தனை நாள் எடுக்கிறது ஆகிய மூன்றும் தரவுப் பாய்ச்சல் வரிப்படத்தில் இல்லை. எந்த மேசையில் தாமதம் என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், ஆளுக்கொரு கிடைப்பட்டை ஒதுக்கி அதில் வேலைகளை இடமிருந்து வலமாக வரிசையாக வரையும் நீச்சல்தடப் படம் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்க முயன்றால் இரண்டுமே வாசிக்க முடியாமல் போகும்.

படம் முடிந்ததும் சரிபார்க்க, போன மாதத்து உண்மையான பில் ஒன்றை எடுங்கள். பில் போடுபவர், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், கணக்கர் மூவரையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்து, அந்தப் பில் வந்த வழியைப் படத்தின் மேல் விரலால் காட்டச் சொல்லுங்கள். ‘இல்லை, இதுக்கு முதல் நான் போன் எடுப்பேன்’ என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே பென்சிலால் அம்பு போட்டு, போனில் என்ன சொல்கிறார் என்று கேட்டுப் பெயரையும் எழுதிவிடுங்கள். பிறகு காசோலை திரும்பிய பில் ஒன்றை எடுத்து இதையே மறுபடி செய்யுங்கள்.