ஒன்பதாம் வாரம் எங்கே போனது? முன்னேற்ற வரைபடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், கட்டுமான சைட்டிலிருந்து வந்த எக்செல் ஷீட்டை பவர் பிஐ-யில் (தரவை வரைபடமாக்கும் மென்பொருள்) ஏற்றிக்கொண்டிருந்தார். இடது பக்கம் வேலைகளின் பெயர், அதற்கு வலப்பக்கம் வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நெடுவரிசைகள். (ஆங்கிலத்தில் சொல்வதுபோல் 'காலம்' என்று எழுதினால் நேரத்தோடு குழம்பும், அதனால்தான் நெடுவரிசை.) பன்னிரண்டையும் ஷிஃப்ட் அழுத்தித் தேர்ந்தெடுத்தார். வலது கிளிக் செய்தார். பக்கவாட்டு நெடுவரிசைகளைக் கீழ்நோக்கித் திருப்பும் அன்பைவட் கட்டளைகள் மூன்றில் கடைசியாக இருந்ததை அழுத்தினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஃபைலைச் சேமிக்காமல் ரெஃப்ரஷ் செய்வது, வேறு ஷீட்டைத் தேர்ந்தெடுப்பது போன்றவை ஒரே நாளில் உங்களுக்கே பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இணைத்த செல்கள்

'அடித்தளம்' என்று ஒரு செல்லில் எழுதி, கீழே ஐந்து வரிசைக்கு மெர்ஜ் செய்திருப்பார்கள். பவர் குவெரிக்குள் (பவர் பிஐ-யில் தரவைச் சீர்செய்யும் பகுதி) வந்ததும் முதல் வரிசையில் மட்டும் பெயர் இருக்கும், மற்ற நான்கும் நல், அதாவது ஒன்றுமில்லை. ஃபில் டவுன் (மேலே இருப்பதைக் கீழே நிரப்புவது) கொடுத்தால் நிரம்பிவிடும். நிரம்பவில்லை என்றால் அது நல் அல்ல, வெற்று எழுத்து. ரீப்ளேஸ் வேல்யூஸில் அதை நல் ஆக்கிவிட்டு மறுபடி கொடுங்கள்.

'மொத்தம்' என்ற நெடுவரிசை

அன்பைவட் செய்யும் முன் நீக்குங்கள். இல்லாவிட்டால் அதுவும் ஒரு வாரம்போலக் கூட்டப்பட்டு, வேலை 200 சதவீதம் முடிந்திருக்கும்.

தேர்ந்தெடுத்ததை மட்டும் அன்பைவட் செய்வது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

வாரங்கள் பக்கவாட்டில் ஓடினால் மனிதக் கண்ணுக்கு வசதி. வரைபடத்துக்கு அது ஆகாது. அதற்கு வேலை, வாரம், அளவு என்று மூன்று நெடுவரிசை போதும். மற்றதெல்லாம் கீழ்நோக்கி நீள வேண்டும். 20 வேலை, 12 வாரம் என்றால் 240 வரிசை. இப்படித் திருப்பிப் போடுவதுதான் அன்பைவட்.

பவர் குவெரியில் அது மூன்று பெயரில் இருக்கிறது: அன்பைவட் காலம்ஸ், அன்பைவட் அதர் காலம்ஸ், அன்பைவட் ஒன்லி செலக்டட் காலம்ஸ். அததற்குரிய நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்தால் முதல் நாள் மூன்றிலும் ஒரே விடைதான் வரும். அதனால்தான் யாரும் வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. கடைசியானதை அழுத்திவிட்டு ஃபார்முலா பாரைப் பாருங்கள்: அடைப்புக்குள் 'வாரம் 1', 'வாரம் 2' என்று ஒவ்வொரு பெயரும் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலில் இருப்பது மட்டுமே திரும்பும். அடுத்த வாரம் சைட்டில் புது நெடுவரிசை சேர்த்தால், அது திரும்பாமல் ஓரமாக நின்றுவிடும். பிழைச் செய்தி வராது. ரெஃப்ரஷ் பச்சையாக முடியும்.

ஒரு தொழிற்சாலை ஷெட் வேலையில் நான் மாட்டிக்கொண்டது இப்படித்தான். எட்டாம் வாரம் ரிப்போர்ட் செய்து கொடுத்தேன். திட்டக் கோடு ஒன்று, உண்மையான முன்னேற்றக் கோடு ஒன்று. ஒவ்வொரு வாரமும் நடந்த வேலையைக் கூட்டிக்கொண்டே போகும் மெஷர் (கணக்குச் சூத்திரம்) போட்டிருந்தேன். புதுத் தரவு வராவிட்டால் அந்த மெஷர் கடைசி எண்ணையே இழுத்துக்கொண்டு போகும், கோடு படுத்துவிடும். பதினொன்றாம் வாரக் கூட்டத்தில் திரையில் திட்டம் 40 சதவீதம், முன்னேற்றம் 29. மூன்று வாரமாக ஒரு செங்கல்கூட நகரவில்லை என்று அந்தக் கோடு சொன்னது. அறையில் எல்லோரும் என் வரைபடத்தை நம்பினார்கள். நானும்தான்.

மறுநாள் ஒப்பந்ததாரருக்குக் கடிதம் போனது. அந்த மாத பில் நிறுத்திவைக்கப்பட்டது. அவருடைய இன்ஜினியர் எனக்கு போன் செய்தார்: "சார், நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கான்கிரீட் போட்டிருக்கோம். வேலையே நடக்கலன்னு மெயில் வந்திருக்கு. சனிக்கிழமை ஆளுங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?" ஷீட்டைத் திறந்து பார்த்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று, மூன்று வாரமும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. உண்மையான எண் 37. என் குவெரிதான் எட்டோடு நின்றிருந்தது. வரைபடத்தை ஐந்து நிமிடத்தில் சரிசெய்தேன். நிறுத்திய பில்லை மறுபடி நகர்த்தப் பதினெட்டு நாள் ஆனது.

இன்றைக்கும் எரிச்சல் தருவது அந்த மௌனம்தான். நெடுவரிசையின் பெயரை யாராவது மாற்றினால், எது எண், எது எழுத்து என்று குறிக்கும் 'சேஞ்ச்டு டைப்' என்ற படி அலறும். அதைத் திட்டிக்கொண்டே சரிசெய்வோம். இது அலறவே இல்லை.

சரி, என்ன செய்வது? எப்போதும் மாறாத நெடுவரிசைகளை (வேலைப் பெயர், குறியீடு, மதிப்பு) தேர்ந்தெடுங்கள். அப்புறம் அன்பைவட் அதர் காலம்ஸ். நாளைக்கு எந்த வாரம் வந்தாலும் தானே திரும்பும். இதிலும் ஒரு தொல்லை உண்டு: யாராவது ஓரத்தில் 'குறிப்பு' என்று சேர்த்து 'மழை' என்று எழுதிவைத்தால் அதுவும் திரும்பி உள்ளே வரும். எண்ணாக மாற்றும்போது பிழை காட்டும். காட்டட்டும். காட்டுகிற பிழையோடு என்னால் வாழ முடியும்.

சிஎஸ்வி ஃபைல் (கமாவால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) என்றால் இன்னொரு இடத்தையும் பாருங்கள். குவெரியின் முதல் படியான சோர்ஸில் காலம்ஸ்=15 என்று எண் எழுதியிருக்கும். பதினாறாவது நெடுவரிசை வந்தால் அது வாசலிலேயே வெட்டப்படும். பின்னால் என்ன அன்பைவட் போட்டும் பயனில்லை. அந்தப் பகுதியை அழித்துவிடுங்கள்.

இப்போதெல்லாம் என் ரிப்போர்ட்டின் மேல் மூலையில் ஒரு சின்ன கார்டு இருக்கும்: 'உண்மைத் தரவு எந்தத் தேதி வரை'. திட்டத் தேதிகளைச் சேர்க்காமல், உண்மை முன்னேற்றத்தின் கடைசித் தேதி மட்டும். அன்றைக்கு அது இருந்திருந்தால் கூட்டத்தில் யாராவது ஒருவர் "இது மூணு வாரம் பழசாச்சே" என்று கேட்டிருப்பார்.

சதவீதங்களின் சராசரி

மனை சுத்தம் செய்வது 5 லட்சம், 100 சதவீதம் முடிந்தது. பைலிங் (அடித்தளத்துக்கு நிலத்தில் தூண் இறக்குவது) 195 லட்சம், 10 சதவீதம் முடிந்தது. ஆவரேஜ் போட்டால் 55 சதவீதம் என்று வரும். முதலாளி ஸ்வீட் வாங்கிக் கொடுப்பார். உண்மையில் முடிந்தது 200 லட்சத்தில் 24.5 லட்சம், அதாவது 12.25 சதவீதம். எந்தச் சதவீதத்தையும் அதன் மதிப்பால் பெருக்கி, கூட்டி, மொத்த மதிப்பால் வகுக்க வேண்டும். சதவீதத்தை அப்படியே வரைபடத்தில் இழுத்துப் போட்டால் பவர் பிஐ கூட்டத்தான் செய்யும். இந்த இரண்டு வேலைக்கே 110 என்று வந்து நிற்கும்.

வாரத்தின் பெயர்

'வாரம் 10' என்பது எழுத்து, எண் அல்ல. வரிசைப்படுத்தினால் 'வாரம் 2'க்கு முன்னால் போய் நிற்கும். தலைப்பில் வாரம் முடியும் தேதியைப் போடச் சொல்லுங்கள். தலைப்பில் இருக்கும் தேதி குவெரிக்குள் எழுத்தாகிவிடும் என்பதால், திரும்பவும் தேதியாக்கும்போது யூஸிங் லொகேல் வழியாகப் போய் நம் ஊர் முறையைத் தேர்ந்தெடுங்கள். 13/06 அமெரிக்க முறையில் பிழை காட்டும்; 05/06 சத்தமில்லாமல் மே 6 ஆகிவிடும்.

இன்னும் வராத வாரத்தில் 0

போடாதீர்கள். வெற்றாக விடுங்கள், அன்பைவட் வெற்று செல்களைத் தானே உதறிவிடும். 0 போட்டுவைத்தால் மேல் மூலையில் இருக்கும் அந்தத் தேதிக் கார்டு அடுத்த வருஷத் தேதியைக் காட்டும்.