சோறு வடிப்பதைப் போல காயையும் வடியுங்கள்: டயாலிசிஸ் வீட்டுச் சமையல்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் எல்லோரும் முதலில் தேடுவது, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைத்தான். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தில் தேங்குகிறவற்றில் திடீரென்று உயிரைப் பறிக்கக்கூடியது பொட்டாசியம். லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய அது, 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறலாம். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) செய்துகொள்பவருக்கு நடுவில் 3, 4 நாள் இடைவெளி விழும். அதுவரை சாப்பாட்டில் போகும் பொட்டாசியம் பெரும்பாலும் உடம்பிலேயே சேரும்.

நல்லவேளையாக, அது தண்ணீரில் கரையும். கால் கிலோ உருளைக்கிழங்கைத் தோல் சீவி, 3 மி.மீ. கனத்தில் வில்லைகளாக நறுக்குங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு, கொதி வந்தபின் 5 நிமிடம் விட்டு வடியுங்கள். மறுபடி அதே அளவு புதுத் தண்ணீர் ஊற்றி, வேகும்வரை கொதிக்கவிட்டு வடித்துத் தாளியுங்கள். இரவெல்லாம் ஊறவைத்தாலே போதும் என்று பலர் நம்புகிறார்கள். பச்சைக் கிழங்கின் செல் சுவர் உடையாமல் இருப்பதால் ஊறலில் கொஞ்சம்தான் இறங்கும். கொதிதான் அதை வெளியே கொண்டுவரும். துண்டு பெரிதாக இருந்தாலும் பலன் குறையும்.

கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்துப் பிழிந்துவிடுங்கள். குக்கரில் வைக்கும் சாம்பாரில்தான் தவறு நடக்கிறது: காய் வெந்த தண்ணீர் அப்படியே குழம்பில் நிற்கிறது. வடித்த தண்ணீரை 'சத்து' என்று ரசத்திலோ சூப்பிலோ சேர்த்தாலும் அதே கதைதான்.

இளநீர், வாழைத்தண்டுச் சாறு இரண்டும் 'கிட்னிக்கு நல்லது' என்று சொல்லித்தான் கொடுக்கப்படுகின்றன. பொட்டாசியம் ஏறியவருக்கு இரண்டும் ஆபத்து. ஒரு இளநீரிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாம். 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொட்டாசியம் குளோரைடு என்றிருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

பொட்டாசியம் சரியாக இருப்பவருக்கு இந்த வடிப்பு வேண்டாம், வைட்டமின்தான் வீணாகும். உங்கள் பொட்டாசியம் அளவை டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

கைகால் திடீரென்று துவண்டாலோ, நாடி மெதுவானாலோ, படபடத்தாலோ அடுத்த டயாலிசிஸ் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போய், டயாலிசிஸ் நோயாளி என்று முதல் வார்த்தையிலேயே சொல்லி ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். பல நேரம் எந்த அறிகுறியும் இல்லாமலே பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால், டாக்டர் சொன்ன தேதியைத் தாண்டி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.