கேட்ஜெட் சேவையகத்தை வலைச் செயலிகளோடு வைப்பதா, தனியே வைப்பதா?

உறுப்பினர் தளத்தில் ஓப்பன்சோஷியல் என்ற பொதுத் தரத்தில் எழுதிய சிறு செயலிகளான கேட்ஜெட்டுகளைக் காட்ட விரும்புகிறவர், அவற்றை வழங்கும் சேவையகத்தை (அப்பாச்சி ஷிண்டிக் போன்றதை), ஜாவா வலைச் செயலிகளை இயக்க ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டாம்கேட்டிலேயே ஏற்றலாமா என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார். ஆனால் கேட்ஜெட்டுகள் எந்த டொமைனிலிருந்து வரப்போகின்றன என்பதை அதற்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். கணினியைப் பின்னாளில் மாற்றுவது எளிது. டொமைனை மாற்றினாலோ பக்கங்களில் பதிந்த முகவரிகளையும் சான்றிதழ்களையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டிவரும்.

கேட்ஜெட் என்பது பிறர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட். பக்கத்துக்குள் வேறொரு பக்கத்தைக் காட்டும் சட்டகமான ஐஃப்ரேமுக்குள் அதை அடைத்தாலும், செயலியின் அதே நெறிமுறை, அதே டொமைன் பெயர், அதே போர்ட் ஆகியவற்றிலிருந்து அது வருமானால், உலாவி இரண்டையும் ஒன்றாகவே கருதிச் செயலியின் பக்கத்தைப் படிக்க விட்டுவிடும். போர்ட்டை மட்டும் 8080-இலிருந்து 8081-க்கு மாற்றினால் பக்கத்தைப் படிப்பது தடைபடும் என்பது உண்மையே. ஆனால் உலாவி சேமித்துவைத்து அனுப்பும் குக்கிகள் போர்ட்டைப் பார்ப்பதில்லை என்பதால், உறுப்பினரின் உள்நுழைவுக் குக்கி கேட்ஜெட் சேவையகத்துக்கும் போய்ச்சேரும். துணை டொமைனிலும், தாய் டொமைனுக்கென்று அமைத்த குக்கிகள் வந்துவிடும். ஆகவே முற்றிலும் வேறான ஒரு டொமைனைப் பதிவு செய்வதே என் பரிந்துரை. ஒவ்வொரு கேட்ஜெட்டுக்கும் தனித் துணை டொமைன் தர நினைத்தால், எல்லாத் துணை டொமைன்களையும் தழுவும் வைல்ட்கார்டு சான்றிதழ் வேண்டும். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அதை டிஎன்எஸ் (டொமைன் பெயர்ப் பதிவுகள்) வழிச் சரிபார்ப்பில் மட்டுமே தருகிறது.

டொமைன் பிரிந்த பிறகு, ஒரே டாம்கேட்டா என்ற கேள்விக்கு வரலாம். பினாங்கில் ஓர் ஆலயத்தின் தளம் தைப்பூசக் காலத்தில் பால்குட முன்பதிவை நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருக்கும் வானிலைக் கேட்ஜெட், தன் தரவைச் சேவையகத்தின் வழியாக வெளித் தளத்திலிருந்து பெறுகிறது. அந்த வெளித் தளம் பதில் தராமல் இழுத்தடித்தால், காத்திருக்கும் ஒவ்வொரு கோரிக்கையும் கோரிக்கைகளைக் கவனிக்கும் டாம்கேட்டின் பணியோட்டங்களில் ஒன்றை, அதாவது ஓர் இழையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இயல்பான உச்சவரம்பு 200 இழைகள்தான். அவை தீர்ந்தால் கேட்ஜெட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத முன்பதிவும் நின்றுவிடும். கூட்டம் மிகுந்த நாளில் பக்தர்களை இப்படித் தவிக்க விடக்கூடாது. ஒரே கணினியில் வைத்தாலும், தனி ஜாவா செயல்முறையாகவேனும் பிரித்து, முன்னால் கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் என்ஜின்எக்ஸை நிறுத்துங்கள்.

கேட்ஜெட் கேட்கும் முகவரியைச் சேவையகமே போய்த் திறப்பதால் இன்னோர் ஆபத்தும் உண்டு: அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1, 10-இல் தொடங்கும் உள்முகவரிகள், மேகச் சேவைகள் கணினியின் உள்விவரங்களைத் தரும் 169.254.169.254 ஆகியவற்றை யாரேனும் அதன் வழியாக எட்டிப் பார்க்கலாம். செயலியின் தரவுத்தளம் அதே கணினியில் இருந்தால் இது மேலும் கடுமையாகும். கணினியைப் பிரிப்பதற்கு நான் காணும் வலுவான காரணம் இதுவே. பிரிக்க வசதியில்லாதவர்கள் வெளிச்செல்லும் இணைப்புகளை ஃபயர்வாலில் கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டும்.

அப்பாச்சி ஷிண்டிக் 2015-இல் ஓய்வு பெற்றுவிட்டது; இனி அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. ஏற்கெனவே அதை இயக்குகிறவர்கள் தனிமைப்படுத்தி வைக்கவே மேற்சொன்னவை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஷிண்டிக்கைத் தவிர்த்து, உள்ளிருப்பதன் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சேண்ட்பாக்ஸ் பண்புள்ள ஐஃப்ரேமையும், பக்கங்கள் தமக்குள் செய்தி அனுப்ப உதவும் போஸ்ட்மெசேஜையும் பயன்படுத்தலாம். அங்கும் தனி டொமைன் தேவையே.

கேட்ஜெட்டைப் பார்க்கும் உறுப்பினர் யார் என்று சேவையகத்துக்குச் சொல்லும் பாதுகாப்பு டோக்கன்களுக்கான திறவுகோலைச் செயலியும் கேட்ஜெட் சேவையகமும் பகிர்ந்துகொள்வதால், அதைச் செயலியைப் பொதிந்துள்ள வார் (WAR) கோப்புக்குள் வைக்காமல் வெளியே வைத்து, டோக்கன்களின் காலாவதி நேரம் பிசகாதிருக்க இரு கணினிகளின் கடிகாரங்களையும் ஒத்திசையுங்கள். பின்னர் ஒரு சோதனைக் கேட்ஜெட்டை எழுதி, அது தாய்ப் பக்கத்தைப் படிக்கவும் சேவையகத்தின் வழியாக 127.0.0.1-ஐத் திறக்கவும் முயலட்டும். இரண்டும் தோற்ற பிறகே உறுப்பினர்களுக்குத் தளத்தைத் திறந்துவிடுங்கள்.