தலைவர் பதவி போச்சா? அடுத்து உருப்படியா சேவை செய்றது எப்படின்னு பாப்போம்

நம்ம கேஎல், பினாங்கு பக்கம் சங்கம், கோயில் கமிட்டி, கட்சிக் கிளைன்னு எங்க பாத்தாலும் ஒரு முன்னாள் தலைவர் இருப்பாரு. ஏஜிஎம்ல, அதாவது வருடாந்திரப் பொதுக்கூட்டத்துல, தோத்ததும் கொஞ்ச நாளு மாமாக் கடையில உக்காந்து தே தாரிக் குடிச்சிக்கிட்டே புது கமிட்டிய திட்டுவாரு, அப்புறம் தீபாவளிக்கு ஒரு அறக்கட்டளை பேரு போட்டு ஹேம்பர் (பரிசுக் கூடை) குடுப்பாரு, பெரிய அட்டை செக்க புடிச்சிக்கிட்டு போட்டோ எடுப்பாரு, அதோட அடுத்த தீபாவளிக்குத்தான் ஆள பாக்கலாம். அப்படி யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தா இத அனுப்பி விடுங்க. நாட்டையே ஆண்டவங்க பதவி போனப்புறம் செஞ்சதுல நம்ம லெவலுக்கு எடுத்துக்க நெறய இருக்கு.

மொத வேல, ஒரே ஒரு பிரச்சனைய புடிங்க தலைவரே, அதுவும் வேற யாரும் சீந்தாததா பாத்து. அமெரிக்க அதிபரா இருந்த ஜிம்மி கார்ட்டர் 1980 தேர்தல்ல படுதோல்வி, 1981-ல வெள்ளை மாளிகைய விட்டு எறங்குனாரு, அடுத்த வருசமே அட்லாண்டாவுல எமரி பல்கலைக்கழகத்தோட சேந்து கார்ட்டர் சென்டர் ஆரம்பிச்சாரு. 1986-ல அந்த சென்டர் கையில எடுத்தது என்ன தெரியுமா, நரம்புச் சிலந்தி நோய்! கால்லேருந்து மீட்டர் நீளத்துக்கு புழு வெளிய வரும், அத குச்சியில சுத்தி தெனம் கொஞ்சம் கொஞ்சமா இழுக்கணும், அவசரப்பட்டா அறுந்துடும். அப்ப வருசத்துக்கு ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. மருந்தும் கெடயாது, தடுப்பூசியும் கெடயாது, கொளத்து தண்ணிய துணியில வடிகட்டி குடிங்க, புழு வர்ற காலோட கொளத்துல எறங்காதிங்கன்னு ஊரு ஊரா போயி சொல்றது, தண்ணியில புழுக்குஞ்சு இருக்கற பூச்சிய கொல்ல மருந்து ஊத்துறது, அவ்ளோதான் வேல. 2024-ல உலகம் முழுக்க மனுசங்களுக்கு வந்தது 15 கேஸ். கிட்டத்தட்ட நாப்பது வருசம் அதே புழு பின்னாடி. நம்மாளுங்க ஒரு வருசத்துல ஃபுட்சல் போட்டி, ரத்த தானம், பட்டிமன்றம் மூணும் நடத்திட்டு டயர்டாயிடுறாங்க.

நம்ம ஊருல சீந்தாத பிரச்சனைக்கு எங்க போறதுன்னு கேட்டா, ஐசி (அடையாள அட்டை) இல்லாதவங்கள பாருங்க. புள்ள பொறந்து 60 நாளைக்குள்ள பதியறது சுலபம், அத விட்டா தாமதப் பதிவு, சாட்சி வேணும், பழைய பேப்பரு வேணும். தோட்டத்துல பொறந்து இன்னும் குடியுரிமை இல்லாம, நிரந்தரவாசிக்கான செவப்பு ஐசியோட இருக்கற பாட்டிங்களும் இருக்காங்க. அவங்க கொண்டு வர்ற பிளாஸ்டிக் பைய பிரிச்சா மடிச்சு மடிச்சு கிழிஞ்ச தோட்டத்து ஆஸ்பத்திரி கார்டு, பள்ளிக்கூட சூராட் (கடிதம்), கல்யாண சர்ட்டிபிகேட்டு, மூணுலயும் பேரு மூணு விதமா எழுதியிருக்கும், அப்பா பேரு ஒண்ணுல இருக்கவே இருக்காது. இத ஒவ்வொண்ணா வரிசைப்படுத்தி, காப்பி எடுத்து, ஒரு ஆளுக்கு ஒரு ஃபைலுன்னு போட்டு, ஜேபிஎன் (தேசியப் பதிவிலாகா) கவுண்டர்ல நம்பர் எடுத்து கூடவே உக்காரணும். ஒரு கேசுக்கே மாசக் கணக்கா, சில சமயம் வருசக் கணக்கா இழுக்கும். மேடை கெடயாது, மாலை கெடயாது. இத செய்ற முன்னாள் தலைவருக்கு நான் தனியா ஒரு பொன்னாடை போத்துறேன் லா.

காசு இல்லயேன்னு யோசிக்காதிங்க, உங்க சொத்து உங்க போன்ல இருக்கற நம்பருங்கதான். இன்னொரு முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டனோட அறக்கட்டளை ஆளுங்க 2003-ல எய்ட்ஸ் மருந்து கம்பெனிங்ககிட்ட உக்காந்து பேரம் பேசுனாங்க, அதுல சிப்லா மாதிரி இந்தியா கம்பெனிங்களும் உண்டு. நெறய ஆர்டர் நிச்சயமா வரும், நீ வெலைய கொறன்னு பேசி, ஒரு ஆளுக்கு வருசத்துக்கு 140 டாலருக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. நம்ம தலைவருக்கும் லாயர் தெரியும், கிளினிக் டாக்டர் தெரியும், தலைமையாசிரியர் தெரியும், சட்டமன்ற உறுப்பினர் ஆபீஸ்ல ஒரு தம்பி தெரியும். மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்து உக்காருங்கன்னு அந்த லாயர கேளுங்க, அது ஆயிரம் ஹேம்பருக்கு மேல.

அதே கிளிண்டன் அறக்கட்டளைக்கு வெளிநாட்டு அரசாங்கங்க காசு குடுத்தது, அவரு மனைவி ஹிலாரி அமெரிக்க வெளியுறவு அமைச்சரா இருந்ததால பெரிய சர்ச்சையாச்சு. அதனால மகனோ மச்சானோ இன்னும் கமிட்டியில இருந்தா, காண்ட்ராக்டருங்ககிட்ட நன்கொடை வாங்குறத விட்டுடுங்க, வாங்கிட்டு விளக்கம் சொல்றது அசிங்கம்.

அப்புறம் ஒரு கசப்பு மாத்திரை, உங்கள தோக்கடிச்சவரோட சேருங்க. 2004 டிசம்பர் 26 சுனாமி நமக்கு தெரியாததில்ல, மலேசியாவுல அதிக உயிர் போனது பினாங்குலதான். அந்த சுனாமிக்கு நிதி திரட்ட ஒண்ணா கெளம்புனது யாரு, முன்னாள் அமெரிக்க அதிபர் அப்பா புஷ்ஷும், 1992 தேர்தல்ல அவர வீட்டுக்கு அனுப்புன கிளிண்டனும். நம்மாளுங்க ஒருத்தர் போற தண்ணீர்ப்பந்தலுக்கு இன்னொருத்தர் போக மாட்டாரு, தைப்பூசத்துல ஒரே ரோட்டுல ரெண்டு பந்தல்.

ஒடம்பு ஒத்துழைச்சா கை வேலையும் செய்ங்க. கார்ட்டர் 1984-ல தொண்டருங்களோட பஸ் ஏறி நியூயார்க் போயி இடிஞ்ச கட்டடத்த சரி பண்ணாரு, அதுலேருந்து ஏறக்குறைய ஒவ்வொரு வருசமும் ஒரு வாரம், சுத்தியல எடுத்து ஏழைங்களுக்கு வீடு கட்டுனாரு. 2019-ல 95 வயசு, வீட்டுல விழுந்து நெத்தியில 14 தையல், மறுநாளே நாஷ்வில்ல வேலைக்கு வந்து நின்னாரு. அவ்ளோ வேணாம், பிபிஆர் (அரசாங்க மக்கள் வீடமைப்பு) பிளாட்டுல ஒரு பாட்டி வீட்டு பாத்ரூம்ல புடிச்சிக்க கம்பி மாட்டுங்க, ஒழுகுற பைப்ப மாத்துங்க. ரிப்பன் வெட்ட மட்டும் வராதிங்க.

பேப்பர் வேலைய சுருக்கமா சொல்லிடறேன். சங்கமா பதியணும்னா கொறஞ்சது ஏழு பேரு வேணும், ஏஜிஎம் முடிஞ்சு 60 நாளைக்குள்ள வருடாந்திர அறிக்கை ஆர்ஓஎஸ்க்கு (சங்கப் பதிவிலாகாவுக்கு) போகணும். வீடு வீடாவோ தெருவுலயோ டின்ன தூக்கி வசூல் பண்ண போலிஸ் லைசன்ஸ் வேணும், 1947 சட்டம், இன்னும் அமுல்ல இருக்கு. வரிக்கழிவு உண்டுன்னு சொல்லி காசு வாங்கணும்னா எல்எச்டிஎன் (வருமான வரி வாரியம்) குடுக்கற 44(6) பிரிவு அனுமதி கையில இருக்கணும், அது வராம வாயால சொல்லாதிங்க.

கடைசியா, எப்ப விடறதுன்னும் இப்பவே முடிவு பண்ணுங்க. மண்டேலா ஒரே தவணைதான் தென்னாப்பிரிக்க அதிபரா இருந்தாரு, 1999-ல அறக்கட்டளை ஆரம்பிச்சு, 2004-ல பொது வாழ்க்கையையும் கொறச்சிக்கிறேன், இனிமே நீங்க என்னக் கூப்புடாதிங்க, நானே கூப்புடறேன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லிட்டாரு. அறக்கட்டளை இன்னும் நடக்குது. ஆக பேங்க் செக்ல கையெழுத்து போடறவங்கள்ள ஒருத்தராவது நாப்பது வயசுக்கு கீழ இருக்கட்டும். ஆள மாத்தணும்னா பேங்க்ல கூட்டக் குறிப்பு கேப்பாங்க, அத தலைவர் ஆஸ்பத்திரியில படுத்தப்புறம் தேடாம இந்த ஏஜிஎம்லயே எழுதி வச்சிடுங்க.