பல துறைகள் கூடும் மானுடப்புல ஆய்வில் விழுமியங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாற்றாளரும் பொருளியலாளரும் மானிடவியலாளரும் ஓர் ஆய்வில் கைகோக்கும்போது, ஆய்வுமுறை பற்றி நிறையவே விவாதிக்கிறார்கள். எது ஆராயத்தக்கது, எவ்வளவு சான்று இருந்தால் போதும், ஆய்வாளர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் கேள்விகளையோ, நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் படிவத்தோடு பெரும்பாலும் முடித்துவிடுகிறார்கள். விழுமியம், அதாவது எது நல்லது, எது முக்கியம் என்னும் மதிப்பீடு, ஒப்புதல் பெறும் கட்டத்துக்கு மட்டுமே உரியது என்ற இந்த எண்ணம்தான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வழிவிடுகிறது.

எதை எந்த அலகில் எண்ணுகிறோம் என்பதிலேயே விழுமியம் புகுந்துவிடுகிறது. அமெரிக்க அடிமைமுறையைப் பொருளியல் முறைகளால் ஆராய்ந்து ராபர்ட் ஃபோகலும் ஸ்டான்லி எங்கர்மனும் 1974-இல் வெளியிட்ட நூல் இதற்குத் தெளிவான சான்று. லூசியானாவின் பெனட் பாரோ என்னும் தோட்ட உரிமையாளர் எழுதிவைத்திருந்த தண்டனைக் குறிப்புகளிலிருந்து, ஓர் அடிமைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.7 முறை சவுக்கடி விழுந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதே குறிப்புகளை எடுத்துக்கொண்ட வரலாற்றாளர் ஹெர்பர்ட் குட்மன், அந்தத் தோட்டத்தில் சராசரியாக 4.56 நாளுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் சவுக்கால் அடிக்கப்பட்டார் என்று எழுதினார். தோட்டத்தில் இருந்த அடிமைகளின் எண்ணிக்கையை முதலிருவர் உள்ளதைவிடக் கூடுதலாகக் கணக்கிட்டுவிட்டார்கள் என்பதும் அவருடைய குற்றச்சாட்டு. இந்த இரண்டு மறுப்புகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. தலைக்கணக்குத் தவறா என்பதை ஆவணத்தைப் பார்த்தே தீர்த்துவிடலாம். ஆளுக்கு எத்தனை அடி என்று கேட்பதா, அடியின் ஓசை எத்தனை நாளுக்கு ஒருமுறை அனைவர் காதிலும் விழுந்தது என்று கேட்பதா என்பதை எந்த ஆவணமும் தீர்த்துவைக்காது. அடிமைமுறையில் எதை அறிவது முக்கியம் என்ற தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பை ஆய்வாளர் வெளிப்படையாகச் சொல்லாதபோது, 0.7 என்பது யாருடைய தேர்வும் இல்லாமல் தானாகக் கிடைத்த உண்மைபோல வாசகரை வந்தடைகிறது.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரின் பெயரைச் சொல்லி, ஆய்வில் விழுமியத்துக்கே இடமில்லை என்பவர்கள் அவரை அரைகுறையாகவே படித்திருக்கிறார்கள். எதை ஆராய்வது என்ற தேர்வு ஆய்வாளரின் விழுமியங்களைச் சார்ந்தே அமைகிறது என்பதை அவர் 1904-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். இருப்பதைப் பற்றிய ஆய்விலிருந்து இருக்கவேண்டியதைப் பற்றிய தீர்ப்பை வருவிக்க முடியாது என்பதே அவருடைய எச்சரிக்கை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எல்லாவற்றிலும் விழுமியம் கலந்திருக்கிறது, ஆகவே எல்லாம் அவரவர் கருத்துத்தான் என்று கைவிரித்துவிடுவது. அறிவியல் மெய்யியலாளர் ஹெதர் டக்ளஸ் காட்டும் ஒரு வேறுபாடு இங்கே மிகவும் பயன்படும். ஒரு முடிவு பொய்த்துப்போனால் யாருக்கு என்ன கேடு நேரும் என்று எண்ணிப்பார்த்து, அதற்கேற்பக் கூடுதல் சான்று கேட்பதற்கு விழுமியத்துக்கு உரிமை உண்டு. சான்றின் இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்ள அதற்கு உரிமை இல்லை. குட்மனின் நியாய உணர்வு அவரை வேறொரு கேள்விக்கு இட்டுச் சென்றது, ஆனால் விடையை அவர் அந்தக் குறிப்புகளிலிருந்துதான் எடுத்தார்.

துறைகள் கலக்கும் இடத்தில் நான் மிகக் கடுமையாகக் கருதும் தவறு, ஒரு துறை சொல்வதை உண்மை என்றும் மற்றவர் சொல்வதை விழுமியம் என்றும் முன்கூட்டியே பிரித்துவிடுவது. 1996-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் கென்னவிக் அருகே, எண்ணாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுள்ள எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. அது தங்கள் மூதாதையுடையது, மண்ணுக்குத் திரும்பவேண்டும் என்று அப்பகுதிப் பழங்குடிகள் கோரினார்கள். மண்டையோட்டின் வடிவம் இன்றைய பழங்குடிகளுடையதைப் போல இல்லை என்று அறிஞர்கள் சிலர் வாதிட்டார்கள். பழங்குடிகளின் வாய்மொழி மரபு போதிய சான்றாகக் கொள்ளப்படவில்லை. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆய்வாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2015-இல் வெளியான மரபணு ஆய்வு, அந்த மனிதர் இன்றைய அமெரிக்கப் பழங்குடிகளுக்கே நெருங்கியவர் என்று காட்டியது. 2017-இல் எலும்புகள் மீண்டும் புதைக்கப்பட்டன. வாய்மொழி மரபு எப்போதும் சரியாக இருக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அளவுகோலால் அளந்தது என்ற காரணத்துக்காகவே ஒன்றை நம்புவதும், சொல்லிச் சொல்லி வந்தது என்ற காரணத்துக்காகவே மற்றொன்றை ஒதுக்குவதும் விழுமியத் தேர்வுகளே என்பதுதான் செய்தி.

தரவுகளைப் பகிரும்போதும் இதே மோதல் எழுகிறது. தரவு எளிதில் கிடைக்கவும் மறுபடி பயன்படவும் வேண்டும் என்று கோரும் ஃபேர் கொள்கைகள் 2016-இல் வெளியாயின. தரவின் மீது பழங்குடி மக்களுக்கு அதிகாரம் உண்டு என்று வலியுறுத்தும் கேர் கொள்கைகள் 2019-இல் வந்தன. கணினித் துறையினர் முதலாவதையும் களப்பணியாளர் இரண்டாவதையும் இயல்பாகவே எடுத்துக்கொள்வார்கள் என்பதால், களப்பணியில் எடுக்கும் ஒலிப்பதிவுகளை எல்லோருக்கும் திறந்துவைப்பதா, யார் கேட்டால் திரும்பப் பெறுவது என்பவற்றைப் பதிவு தொடங்கும் முன்பே, பேசியவர்களையும் உட்காரவைத்து முடிவுசெய்வது நல்லது. அந்த முடிவையும் அதற்கான காரணத்தையும் முன்னுரையில் ஒரு பத்தியாக ஒதுக்கிவிடாமல், அந்தத் தரவு பயன்படும் இயலிலேயே எழுதவேண்டும். அப்போதுதான் பிற துறையிலிருந்து வரும் வாசகரால் அதை மறுத்துப் பேச முடியும்.