கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கும் காட்டில் நடக்கும்போது

அமெரிக்காவில் அரிசோனா, டெக்சாஸ் பக்கம் மலைப்பாதையில் நடக்கப் போகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கிலுகிலுப்பைப் பாம்பு ஆளைத் துரத்திக்கொண்டு வராது. எலியோ அணிலோ வரும் வழியில் மணிக்கணக்காகச் சுருண்டு காத்துக் கிடக்கிற பாம்பு அது, விஷம் அது இரை பிடிக்க வைத்திருக்கும் ஆயுதம், அதை உங்கள் காலில் வீணாக்க அதற்கு ஆசையே கிடையாது.

வால் நுனியில் இருப்பது மணி இல்லை. நம் நகத்தில் இருக்கிற அதே கெரட்டின்தான், வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று தளர்வாகக் கோத்திருக்கும். நொடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் வாலை ஆட்டும்போது அவை உரசி, சூடான எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். வளையத்தை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம் என்பார்கள், நம்பாதீர்கள். தோல் உரிக்கும்போதெல்லாம் ஒன்று சேரும், வருடத்தில் பல தடவை உரிக்கும், பழையவை உடைந்தும் விழும்.

ஆனால் சத்தம் வரவில்லை என்றால் பாம்பு இல்லை என்று அர்த்தமில்லை. பல நேரம் அசையாமல் மறைந்து கிடப்பதைத்தான் அது விரும்பும். அதனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையையோ காலையோ வைக்காதீர்கள். விழுந்து கிடக்கும் மரத்தை ஒரே எட்டில் தாண்டாமல், மேலே ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள். கோடையில் பகல் வெயில் தாங்காமல் அது பெரும்பாலும் இரவில் நடமாடும், கையில் டார்ச் கட்டாயம் வேண்டும்.

சத்தம் கேட்டுவிட்டதா? அப்படியே நில்லுங்கள். எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடிக் கண்டுபிடித்த பிறகு மெதுவாகப் பின்வாங்குங்கள், தெரியாமல் துள்ளிக் குதித்தால் அதன் மேலேயே போய் விழலாம். தன் நீளத்தில் பாதி தூரம் வரை பாய்ந்து கொத்தும், சில சமயம் அதைவிடக் கொஞ்சம் கூடவும் எட்டும், அதனால் இரண்டு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். படம் எடுக்கக் குனிவதும், குச்சியால் சீண்டுவதும், அடித்துக் கொல்லப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். வெட்டிப்போட்ட தலைகூடக் கடிக்கும்.

கடித்துவிட்டால் மோதிரம், கடிகாரத்தை உடனே கழற்றுங்கள், வீக்கம் வேகமாக ஏறும். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது. அங்குள்ள அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள், கடித்த கையையோ காலையோ அசைக்காதீர்கள். வலி குறைவாக இருக்கிறதே என்று வீட்டுக்குத் திரும்பிவிடாமல் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கும்.